புறமிதவைத் தோணி: பொருளறிந்து சொல்லறிதல்

தமிழில் நீரூர்திகளைச் சுட்டும் சொற்கள் பல. அம்பி, திமில், பஃறி, புணை, மிதவை, தெப்பம், தோணி, ஓடம், படகு, வங்கம், நாவாய் முதலியன சங்க நூல்களிலும் பிற்கால நூல்களிலும் பயின்று வருகின்றன. நிகண்டு நூலார் இவற்றுட் பலவற்றை மரக்கலத்தின் பெயர் என ஒருங்கு தொகுத்தனர். செய்யுள் இயற்றுவார்க்கு அத்தொகுப்புப் பெரிதும் பயன்பட்டது. ஆயின் செய்யுளைப் படித்துப் பொருள் காண்பார்க்கு அது போதாது. ஒரு பொருட் பன்மொழி என அவற்றைக் கொண்டுவிட்டால், புலவர் ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் நமக்குப் புலப்படாமலே போய்விடும்.

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையை ஈண்டு நோக்கலாம். வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் அமைந்த அம்பிகள் மக்களை ஏற்றிச் செல்கின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றில் ஏறினாரல்லர். பெருந்துறையை விட்டு விலகி, மரங்களைப் பிணைத்த புணையொன்றில் தென்கரை சேர்ந்தனர். அம்பியும் புணையும் ஒன்றே எனக் கொள்வார்க்கு இவ்விடத்தில் யாதும் தோன்றாது. அம்பி பலரும் ஏறும் அணிசெய்த ஊர்தி என்பதும், புணை எளியார் தாமே கட்டிக்கொள்ளும் மரத்தொகுதி என்பதும் அறிந்தார்க்கே, மதுரைக்குள் நுழையவிருக்கும் அக்குடும்பத்தின் நிலை விளங்கும். பொருளறிவு இன்றேல் சொல்லறிவு நிரம்பாது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இக்கட்டுரை, கலவகைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பையும் இயக்கத்தையும் பரவலையும் விளக்க முயல்கின்றது. ஒடுக்கமான தோணியின் பக்கத்தே, சற்றுத் தொலைவில், மிதக்கும் மரமொன்றைக் கழிகளாற் பிணைத்து, தோணி கவிழாவண்ணம் காக்கும் முறையே அது. பக்கத்து மரத்தைப் புறமிதவை என்றும், இணைக்கும் கழிகளைத் தாங்குகழிகள் என்றும், அவ்வாறு அமைந்த கலத்தைப் புறமிதவைத் தோணி என்றும் ஈண்டு வழங்குவாம்.

1. கடலில்லா நாட்டில் கலவாராய்ச்சி

கொங்கு நாட்டிற்குக் கடல் இல்லை. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றித் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து வயல்களை நனைத்து ஓடும் நொய்யல், கிழக்கே நெடுந்தொலைவு சென்று காவிரியிற் கலக்கின்றது. அதன் கரையில் வளர்ந்த மாணவர்க்கு நெய்தல் திணைப் பாடல்களில் வரும் கலங்கள் பெயரளவிலேயே அறிமுகமாகின்றன. ஆதலின் கலவாராய்ச்சி கொங்கு நாட்டார்க்கு வேண்டாத ஒன்று எனச் சிலர் கருதக்கூடும்.

அக்கருத்துப் பொருந்தாது. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-இல் தொடங்கிய அகழாய்வு, மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட தொழிற்களத்தையும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தது. கோவைக்கு அணித்தாகிய வெள்ளலூரில் உரோமப் பேரரசர் நாணயங்கள் கிடைத்தன. மேலைக்கடற் பட்டினமாகிய முசிறியினின்று பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டையும் கருவூரையும் கடந்து காவிரிக் கழிமுகம் வரை சென்ற பெருவழி இந்நிலத்தின் ஊடே அமைந்தது. கொங்கின் மணிகள் இரு கடற்கரையிலும் கலம் ஏறின. அக்கலங்கள் எத்தகையன என வினவுதல் கொங்கு வரலாற்றிற்கும் உரியதே.

முசிறிப் பகுதியெனப் பலர் கருதும் பட்டணம் என்னும் ஊரில் 2007-இல் நிகழ்ந்த அகழாய்வில், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குடைவுத் தோணியொன்று சேற்றிற் புதைந்த நிலையிற் கிடைத்தது. ஒற்றை அயினி மரத்தைக் குடைந்து செய்த அத்தோணி, அந்நாளில் கழிகளிலும் ஆற்றுவாய்களிலும் வழங்கிய சிறுகலம் எவ்வாறிருந்தது என்பதைக் கண்முன் நிறுத்துகின்றது. குடைவுத் தோணியின் அகலம் மரத்தின் பருமனைப் பொறுத்தது. எத்துணைப் பெருமரமாயினும் தோணி ஒடுங்கியே இருக்கும். ஒடுங்கிய தோணி விரைந்து செல்லும். ஆயின் எளிதிற் கவிழும். இம்முரண்பாடே புறமிதவையின் தோற்றத்திற்கு அடிப்படை.

2. நிலைபேறு எய்தும் மூன்று வழிகள்

நீர்மேல் ஒரு கலம் கவிழாமல் நிற்றற்கு மக்கள் கண்ட வழிகளுள் மூன்றை ஈண்டு ஒப்பிட்டுக் காணலாம்.

முதலாவது அகலம். கொங்கு மக்கள் நன்கறிந்த பரிசல் இதற்கு எடுத்துக்காட்டு. பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும், பில்லூர் அணையின் மேற்புறத்துப் பரளிக்காட்டிலும், கோவை நகரத்துக் குளங்களிலும், காவிரித் துறைகளிலும் பரிசலைக் காணலாம். மூங்கிற் பிளாச்சுகளால் வட்டக் கூடையாக முடைந்து, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் நெகிழித் தாளும் போர்த்துச் செய்யப்படுவது அது. கலம் ஒருபுறம் சாயும்போது அப்புறம் நீரில் மிகுதியாக அமிழ்கின்றது. அமிழ்ந்த பகுதியை நீர் மேல்நோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளுதலே கலத்தை மீண்டும் நிமிர்த்துகின்றது. நீர்மட்டத்தில் கலத்தின் அகலம் மிகுந்தோறும் இந்நிமிர்த்தும் ஆற்றல் விரைந்து பெருகும். நீளம் மாறாதிருக்க அகலம் மட்டும் இருமடங்காயின், நீர்மட்டப் பரப்பினால் வரும் ஆற்றல் ஏறத்தாழ எண்மடங்காகும் என்பது கலநூலார் கணக்கு. இதனாலேயே பரிசலில் ஓரத்தில் அமர்ந்தும் வலை வீசலாம். ஆனால் வட்ட வடிவினால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பு வலிப்பவர் சற்றே தவறினும் அது சுழலும். அகலமான அடிப்பகுதி நீரை எதிர்ப்பதால் விரைவும் குறையும்.

இரண்டாவது தாழ்வு. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இவ்வகையினது. மரங்கள் சிலவற்றை நீளவாக்கில் அடுக்கிக் கயிற்றாற் பிணைத்த அக்கலத்தில் நீர் புகுதற்கு உள்ளிடம் இல்லை. அலை மேலேறினும் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். மரம் தானே மிதக்கும் பொருளாதலின் அது மூழ்குவதும் இல்லை. ஏறியிருப்பவரின் எடை நீர்மட்டத்திற்கு மிக அருகில் அமைவதால் கவிழும் போக்குக் குறைகின்றது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தலாம். பேரலை மோதும் திறந்த மணற்கரைக்கு இதனினும் ஏற்ற கலம் அரிது.

மூன்றாவது தொலைவு. இதுவே புறமிதவையின் வழி. கலத்தை அகலமாக்காமல், அகலத்தின் பயனை மட்டும் தொலைவிலிருந்து பெறுவது இம்முறை. தோணியின் உடல் ஒடுங்கியே இருக்கும். அதன் பக்கத்தே சில மீட்டர் தொலைவில் மிதக்கும் சிறுமரம், கலத்தின் அகலத்தைப் பெருக்கிய பயனைத் தரும். இடைப்பட்ட வெளியில் நீரை எதிர்ப்பது யாதுமில்லை. எனவே விரைவு பெரிதும் குறைவதில்லை.

3. புறமிதவை இயங்கும் முறை

இதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ள நம் நாட்டு வெள்ளிக்கோலை நினைவு கூர்தல் தகும். வெள்ளிக்கோலில் சிறு எடையொன்றைக் கோலின் நெடுந்தலையில் தள்ளி நிறுத்தினால், குறுந்தலையில் தொங்கும் பெருஞ்சுமைக்கு அது ஈடாகின்றது. எடை சிறிதாயினும் தொலைவு பெரிது. இரண்டையும் பெருக்கிவரும் திருப்புவலியே கணக்கிற்குரியது. புறமிதவையின் நெறியும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். புறமிதவை 80 லிட்டர் கொள்ளளவும் 40 கிலோ எடையும் உடைய மரம் எனக் கொள்வோம். நன்னீரில் அது பாதி அமிழ்ந்து தானே மிதக்கும்; அந்நிலையில் தோணியை அது தாழ்த்துவதும் இல்லை, உயர்த்துவதும் இல்லை. இனித் தோணி மிதவைப் பக்கமாகச் சாய்கின்றது என்க. மிதவை முழுதும் அமிழ்ந்தால் நீர் அதனை 80 கிலோ வலிமையோடு மேலே தள்ளும். தன் எடை 40 கிலோ போக எஞ்சிய 40 கிலோ தோணியை நிமிர்த்தும். மறுபக்கமாகத் தோணி சாய்ந்தால் மிதவை நீரினின்று மேலெழும். அப்போது அதன் எடையாகிய 40 கிலோ கீழ்நோக்கி இழுத்து நிமிர்த்தும். மிதவை 3 மீட்டர் தொலைவில் இருப்பின், இரு பக்கத்தும் திருப்புவலி 120 அலகு ஆகும். ஈண்டு அலகென்பது கிலோ எடையை மீட்டர் தொலைவாற் பெருக்கி வருவது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தோணியின் நடுக்கோட்டினின்று அரை மீட்டர் விலகி நின்றால் அவரால் விளையும் திருப்புவலி 30 அலகு. ஆகவே இச்சிறு மரம் அத்தகையோர் நால்வர் ஒருபுறம் ஒதுங்குவதையும் தாங்கும். தோணி தன் உடலால் தரும் நிலைபேற்றை இக்கணக்கிற் சேர்த்திலம்.

ஈண்டு மூன்று உண்மைகள் போதரும். ஒன்று, ஒரே மிதவை இரு தொழில் செய்கின்றது. ஒரு பக்கச் சாய்வைத் தன் மிதப்பாலும் மறுபக்கச் சாய்வைத் தன் எடையாலும் தடுக்கின்றது. இரண்டு, மரத்தின் தேர்வு முதன்மையானது. அதே கொள்ளளவில் 60 கிலோ எடையுள்ள வன்மரத்தை இட்டால், மேலெழும்போது 60 கிலோ இழுக்கும்; ஆயின் அமிழும்போது 20 கிலோவே தாங்கும். மிக மெல்லிய மரத்தை இட்டால் நிலை தலைகீழாகும். மூன்று, தாங்குகழியின் நீளத்தைப் பாதியாக்கினால் காவலும் பாதியாகும். ஆனால் கழியை வரம்பின்றி நீட்டவும் இயலாது. நீண்ட கழி அலையில் முறியும். ஆதலின் கழியின் நீளமும் வளைவும் கட்டும் கைதேர்ந்தாரின் பட்டறிவால் அமைந்தவை. கழிகளை ஆணியால் அறையாமல் கயிற்றாற் பிணிப்பதும் இப்பட்டறிவின் விளைவே. கயிற்றுக் கட்டு அலைக்கு இசைந்து நெகிழும். ஆணி இறுகி நின்று மரத்தைப் பிளக்கும்.

பாய் விரித்துச் செல்லுங்கால் இன்னொரு நுட்பம் தோன்றும். காற்றுப் பாயைத் தள்ளுவதால் தோணி காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். மிதவை காற்று வரும் பக்கத்தில் இருப்பின், அது மேலெழத் தொடங்கித் தன் எடையால் இழுத்துக் காக்கும். காற்று மிகுந்தால் மீனவர் ஒருவர் கழியின்மேல் ஏறி மிதவைப் பக்கம் செல்வார். மேற்கூறிய கணக்கில், 60 கிலோ எடையுள்ளவர் கழியின்மேல் 2 மீட்டர் தொலைவில் அமர்ந்தால் மற்றுமொரு 120 அலகு சேர்ந்து காவல் இருமடங்காகும். பழைய கிணற்றேற்றத்தின் துலாமரத்தில் முன்னும் பின்னும் நடந்து, தம் உடலின் எடையாலேயே நீர்ச்சாலை உயர்த்தியும் தாழ்த்தியும் வந்த உழவரின் தொழிலும் இந்நெறியினதே. கடலோடியும் ஏற்றம் மிதிப்பவரும் ஒரே கணக்கை உடலால் அறிந்தவர் எனலாம்.

மிதவை காற்றுக்கு மறுபக்கத்தில் அமைந்தால், அது அமிழ்ந்து நீரைக் கிழித்து இழுபடும், முழுதும் அமிழ்ந்தபின் தாங்கும் ஆற்றல் கூடாது, கழிகளும் முறியும். ஆகவே ஒற்றை மிதவையுடைய பாய்த்தோணி எப்பொழுதும் மிதவையைக் காற்றுப்பக்கமே வைத்துக்கொள்ளல் வேண்டும். திசை மாற வேண்டின் தோணியைத் திருப்புவதில்லை. பாயை ஒரு தலையினின்று மறுதலைக்கு மாற்றுவர். முன்னணி பின்னணியாகும், பின்னணி முன்னணியாகும். இதற்காகவே இத்தோணிகளின் இருதலையும் ஒத்த வடிவினவாய் அமைந்தன.

4. வழங்கும் இடங்கள்

இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் சிங்கள மீனவர் வழங்கும் 'ஒருவ' என்னும் தோணி ஒற்றைப் புறமிதவைக்குச் சிறந்த சான்று. குடைந்த மரத்தின் மேல் இருபுறமும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து உயர்த்தியது அதன் உடல். உள்ளே ஒருவர் நன்கு அமர்தற்கும் இடமின்றி ஒடுங்கியது. வளைந்த தாங்குகழிகள் இரண்டு, இருதலையும் கூர்த்த மிதவை மரத்தோடு நேரே பிணிக்கப்படும். காற்றின் கடுமையை, எத்தனை ஆள் கழியேற வேண்டும் என்பதைக்கொண்டு ஓராட் காற்று, ஈராட் காற்று என அளந்த வழக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் வியந்து எழுதினர். இலங்கைக் கரையோர வாணிகத்தில் ஈடுபட்ட 'யாத்ரா' என்னும் பெருங்கலமும் புறமிதவை உடையதே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அது வழக்கொழிந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டினராகிய பிளினி, தப்ரோபனே என்னும் இலங்கையைப் பற்றிக் கூறுமிடத்து, ஒடுங்கிய நீர்வழிகளில் திரும்ப வேண்டாவண்ணம் அந்நாட்டுக் கலங்கள் இருதலையிலும் முன்னணி உடையனவாய் இருந்தன என்கின்றார். அவர் புறமிதவையைக் குறிக்கவில்லை. எனினும் இருதலைக் கலம் புறமிதவைத் தோணியின் இயல்பாதலின், அக்குறிப்பை ஆய்வாளர் இதனோடு இணைத்துக் காண்பது பொருத்தமுடையதே.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் எனப் பெயர்பெறும் நிக்கோபார்த் தீவுகளிலும் ஒற்றைப் புறமிதவைத் தோணி உண்டு. அதனை ஆங்குள்ளோர் 'ஹோடி' என்பர். ஆண்டுத் தாங்குகழி மிதவையோடு நேரே கட்டப்படுவதில்லை. மிதவையில் குறுங்கோல்களை நாட்டி, அவற்றின்மேல் கழியைப் பொருத்துவர். கொங்கணக் கரையிலும் புறமிதவைத் தோணிகள் உள்ளன. கிழக்கே இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகிய தீவுக் கூட்டங்களில் இருபுறமும் மிதவை அமைந்த கலங்கள் மிகுதி. பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் ஒற்றை மிதவையே பெரும்பான்மை. இரட்டை மிதவை அமைதியான தீவிடைக் கடலுக்கு ஏற்றது. பேரலையில், இருபுறத்து மிதவைகளும் இரு அலைகளின்மேல் தங்கித் தோணியின் உடல் இடையே தொங்க நேரின், கழிகள் பெருஞ்சுமைக்கு உள்ளாகும். ஒற்றை மிதவைக்கு இவ்விடர் குறைவு.

தமிழகக் கரையில் பாக்கு நீரிணைப் பகுதி தனித்துக் கருதற்குரியது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை முதலிய ஊர்களில் வத்தை என்னும் பாய்த்தோணி வழங்கியது. மிதவை மரத்திற்கு மாறாக, தோணியின் குறுக்கே நீண்ட பலகையொன்றை வைத்து, காற்றுப்பக்கம் வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி நிலைநிறுத்தும் முறை இக்கடற்பகுதித் தோணிகளிற் காணப்பட்டது. இதனைச் சமன்பலகை எனலாம். ஈண்டு மிதப்பு இல்லை. எடையும் தொலைவும் மட்டுமே உண்டு. புறமிதவையின் இரு தொழில்களுள் ஒன்றை மனிதவுடலே ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. ஆழமற்ற, அலை தணிந்த பாக்கு விரிகுடாவிற்கு இஃது ஏற்றது.

சோழமண்டலத்தின் திறந்த கரையில் புறமிதவை பரவாமைக்குக் கரையின் இயல்பும் ஒரு காரணமாதல் வேண்டும். கரையோரத்து முறியலைகளின் ஊடே தோணியைச் செலுத்துங்கால், பக்கத்தே நீண்ட கழிகள் இடையூறாகும். அங்குக் கட்டுமரமும், கயிற்றால் தைத்த மசூலா என்னும் நெகிழ்கலமும் நிலைபெற்றன. மேலும், குடைவுத் தோணிக்கு வேண்டும் பெருமரங்கள் கீழைக்கரையில் அரியன. மலையாள நாட்டிலிருந்தே வள்ளங்கள் தென்கோடிக் கரைக்கு வந்தன. கலத்தின் வடிவை நிலமும் மரமும் அலையும் சேர்ந்தே வகுத்தன என்பது இதனாற் பெறப்படும்.

5. ஆய்வுவரலாறும் சொல்லொப்பீடும்

இந்தியக் கலங்களை முறைப்பட ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஆர்னல். இலங்கையிலும் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையிலும் பணிபுரிந்த அவர், இந்தியப் படகுவகைகளின் தோற்றம் பற்றிய தம் நெடுங்கட்டுரையை 1920-இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாகக் கொணர்ந்தார். பின்னர் ஹாடன் என்பாரோடு சேர்ந்து பசிபிக் தீவுத் தோணிகளைப் பற்றிய பெருநூலை 1936 முதல் 1938 வரை வெளியிட்டார். தென்னிந்தியப் புறமிதவையும் சமன்பலகையும் கீழைத்தீவுகளினின்று வந்தவை என்பது அவர் கொள்கை. கலங்களைக் கண்டு அளந்து வரைந்த அவர் சான்றுகள் இன்றும் பயன்படுவன. ஆயின் கலத்தின் ஒப்புமையினின்று மக்களின் குருதியொப்புமைக்குத் தாவி, கரையோரக் குடிகள் சிலரைப் பாலினேசியரோடு உறவுபடுத்திய அவர் முடிபு ஏற்கத் தக்கதன்று. தொழில்நுட்பம் மக்கள் குடியேறாமலே பரவும். ஒரு கரையார் மறுகரையார் தோணியைப் பார்த்துச் செய்தலும் இயல்பே.

தைவானிலிருந்து தென்கிழக்காசியத் தீவுகளில் பரவிய ஆஸ்திரோனேசிய மொழியினர் புறமிதவையை வளர்த்துப் பெருங்கடல்களைக் கடந்தனர் என்பதும், மேற்கே மடகாஸ்கர் வரை சென்றனர் என்பதும் இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. இந்தியப் பெருங்கடலில் அவர்தம் கலவகைகள் பரவிய வரலாற்றை வாருனோ மாதி என்பார் 1999-இல் வெளியான கட்டுரையொன்றில் சொற்சான்றுகளோடு சேர்த்து ஆராய்ந்தார்.

சொல்லொப்பீட்டில் இரு தொகுதிகள் நம் கருத்திற்குரியன. ஒன்று படகு, படவு என்னும் தமிழ் வடிவங்களும், அவற்றோடு இனமான தெலுங்கு, கன்னடச் சொற்களும். இவற்றை மலாய் மொழியின் 'பெராகு' முதலிய தீவுமொழிச் சொற்களோடு ஒப்பிடுவர். மற்றொன்று ஓடம். சிங்கள 'ஒருவ', மராத்தி, கொங்கணி மொழிகளின் 'ஹோடி', நிக்கோபார்த் தீவினரின் 'ஹோடி' ஆகியவை இதனோடு வைத்து நோக்கத் தக்கவை. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு எம்மொழி கொடுத்தது, எம்மொழி கொண்டது என முடிவு கட்டுதல் இடர்ப்பாடுடையது. ஆயினும் ஒன்று தெளிவு. இலங்கையிலும் நிக்கோபாரிலும் அச்சொல்லைக் கேட்பார் உள்ளத்தில் புறமிதவையோடு கூடிய தோணி தோன்றும். தமிழில் ஓடம் என்றால் மிதவையில்லாத ஆற்றுத்தோணியே தோன்றும். சொல் ஒன்றாக இருப்பினும் கரைதோறும் பொருள் வேறுபடுகின்றது. சொல்லொப்பீடு செய்வார் பொருளொப்பீட்டையும் உடன் செய்தாலன்றி, வேறு வேறு கலங்களை ஒன்றெனக் கருதி வழுவுவர்.

இன்னும் ஒன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த செங்கடற் செலவு என்னும் கிரேக்க நூல், கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய பட்டினங்களைக் கூறுமிடத்துச் 'சங்கர' என்னும் கலத்தைக் குறிக்கின்றது. தனிமரங்களைப் பிணைத்த பெருங்கலம் என்பது அதன் விளக்கம். தோணிகள் இரண்டை இணைத்துக் கட்டியதைக் குறிக்கும் சங்கடம் என்னும் சொல்லோடும், மலையாளச் சங்ஙாடத்தோடும் இதனை ஒப்பிட்டோர் உளர். இரு தோணிகளைச் சற்று விலக்கிப் பிணைத்தல் தொலைவினால் நிலைபேறு பெறும் முறையே. இணைந்த இரண்டனுள் ஒன்று சுருங்கி வெறும் மிதவையாயிற்று என ஒரு சாராரும், மிதவையே வளர்ந்து இரண்டாம் தோணியாயிற்று என மற்றொரு சாராரும் கூறுவர். எவ்வாறாயினும் சங்கடமும் புறமிதவையும் ஓரினத்தன.

6. கட்டுமரம் உலகு சுற்றிய கதை

தமிழ்ச்சொல் பிறமொழி புக்குப் பொருள் திரிந்ததற்குக் கட்டுமரம் தலைசிறந்த எடுத்துக்காட்டு. வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி 1697-இல் வெளியிட்ட செலவு நூலில் சோழமண்டலக் கரையின் கலமாக அச்சொல்லை எழுதினார். அவர் காலத்தில் அது பிணைத்த மரங்களையே குறித்தது. நாளடைவில் ஐரோப்பியர் பிற கடல்களிற் கண்ட இரட்டைத் தோணிகளையும் அப்பெயராலேயே வழங்கலாயினர். 1876-இல் அமெரிக்கரான நதானியல் ஹெர்ஷாப் அமைத்த 'அமரில்லிஸ்' என்னும் இரட்டையுடற் பாய்க்கலத்திற்குப் பின்னர், கேட்டமரன் என்னும் சொல் இரட்டையுடற் கலத்திற்கே உரியதாயிற்று. பின்னர் மூவுடற் கலத்திற்கு டிரைமரன் எனப் பெயரிட்டனர். நடுவே பெரிய உடலும் இருபுறமும் சிறிய உடல்களும் அமைந்த அக்கலம் நெறியளவில் இரட்டைப் புறமிதவைத் தோணியே. அப்பெயரில் தமிழின் 'கட்டு' உதிர்ந்து 'மரம்' மட்டும் எஞ்சிற்று. அம்மரமும் ஆண்டுக் கலவுடலைக் குறிக்கலாயிற்று.

இவ்வரலாறு அறியாதார் இரட்டையுடற் கப்பலைக் கட்டுமரம் என மீளத் தமிழாக்குகின்றனர். அம்மொழிபெயர்ப்பில் ஒலி தமிழாயினும் பொருள் தமிழன்று. தாழ்வினால் நிலைபெறும் கலமும் தொலைவினால் நிலைபெறும் கலமும் ஒரு பெயருட் கலந்துவிடுகின்றன. இரட்டையுடற் கலத்திற்குச் சங்கடம் என்னும் பழஞ்சொல்லைப் புதுக்கிக்கொள்ளல் கூடும். துன்பப் பொருள் மயக்கம் தருமாயின் இணைதோணி என்னலாம். கட்டுமரம் கட்டுமரத்திற்கே உரியதாக நிற்பதாக.

7. செய்ய வேண்டுவன

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அத்தகைய பெரும்பணிகளிலும் தொழிற்சொற்கள் பலவற்றிற்கு 'ஒருவகை' என்னும் அளவில் பொருள் எழுதுதல் தவிர்க்க இயலாததாயிற்று. அவ்வகை யாது என்பதை அறிந்தார் அக்காலத்துக் கரைதோறும் இருந்தனர். இன்று நிலை வேறு. பொறிப்படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் பாய்த்தோணியின் இடத்தைப் பற்றிக்கொண்டன. 2004 திசம்பர் 26-இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையில் கட்டுமரங்கள் பல அழிந்தன. அவற்றிற்கு ஈடாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அம்மாற்றத்தை மீனவர் தம் வாழ்வுக்கு நலமெனக் கொண்டனர். அதனைக் குறை கூறுதல் நமக்கு உரித்தன்று. ஆயின் சமன்பலகையின்மேல் ஏறி நின்று காற்றை அளந்தவர்கள் முதியராயினர். அப்பலகையின் உறுப்புகளுக்கும், கட்டும் முடிச்சுகளுக்கும், காற்றின் தரங்களுக்கும் அவர் வழங்கிய சொற்கள் அவரோடு மறையும் நிலையில் உள்ளன. ஏட்டுச்சுவடி அழிந்தால் படியொன்று எங்கேனும் இருக்கலாம். வாய்ச்சொல்லுக்குப் படி இல்லை.

ஆதலின் முதுகலை மாணவரும் ஆய்வாளரும் இத்துறையில் ஈடுபடல் வேண்டும். ஒரு கலத்தைக் கண்டால் அதன் பெயரை மட்டும் குறித்தல் போதாது. எம்மரத்தாற் செய்தது, எவ்வாறு இணைத்தது, நீளமும் அகலமும் எத்துணை, எதனால் கவிழாது நிற்கின்றது, ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயர் யாது, அப்பெயர் அடுத்த ஊரில் எவ்வாறு வழங்குகின்றது என்னும் வினாக்களுக்கு விடை எழுதுதல் வேண்டும். பொருளைப் பார்த்து வரைந்த படம் ஒவ்வொரு சொல்லோடும் சேர்தல் நன்று.

இப்பணிக்குக் கொங்கு நாட்டு மாணவர் கடற்கரை செல்லும் நாள்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பவானியிலும் காவிரியிலும் பரிசல் முடைவோரும் வலிப்போரும் உள்ளனர். மூங்கிலைப் பிளக்கும் முறைக்கும், விளிம்பைக் கட்டும் முறைக்கும், சுழலைத் தவிர்க்கத் துடுப்பிடும் முறைக்கும் அவர்தம் சொற்கள் உள. அவற்றைக் கேட்டு எழுதிப் பழகியவர் பின்னர்க் கோடியக்கரைக்கோ அதிராம்பட்டினத்திற்கோ செல்லின், கேட்க வேண்டுவன இவை என அறிந்தே செல்வர். ஓராண்டில் ஒரு மாணவர் ஒரு துறையின் சொற்களை முற்றத் தொகுப்பினும் அகராதிக்கு அது நிலைத்த பயனாகும். அத்தொகுப்புகள் பெருகியபின், சங்கப் பாடலில் திமிலையும் அம்பியையும் காணும்போது, 'ஒருவகைத் தோணி' என்று எழுதி நாம் அமைய வேண்டியிராது.